தீப்பெட்டிப் படங்கள் கற்பிக்கும் வரலாறு

“சிறு துரும்பும் பல் குத்த உதவும்” என்பது பழமொழி. பல் குத்தக்கூட உதவாது என்று தெருவில் எறியப்படும் ஒரு பொருள், வரலாறு பயிலும் மாணவனுக்கு ஆசானாக அமைவதும் உண்டு. இதனை எனக்கு உணர்த்தியவை இரண்டு தொகுப்புகள். ஒன்று, திண்டிவனத்தில் என் தந்தையார் வைத்துள்ள நோட்டுப் புத்தகம். மற்றொன்று, விழுப்புரத்தில் என் சின்னப் பாட்டி வைத்துள்ள பிஸ்கட் டின். இரண்டிலும் இருப்பவை தீப்பெட்டிப் படங்களே.

மேலைநாட்டு அட்டைகள்

அமெரிக்காவில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க ஒரு தடித்த அட்டையை உள்ளே வைத்தார்கள். அதில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிடப்பட்டது. பின்னர் சூயிங்கத்தோடும் அட்டைகள் வந்தன. 1909 முதல் 1911 வரை வெளியான வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை ஒன்று, 2022-இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது.

ஓர் ஆட்டக்காரரின் முதல் அட்டையை ‘ரூக்கி’ அட்டை என்பர். மிக்கி மேன்டில் என்பவரின் முதல் அட்டை 1951-இல் பௌமன் நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் அவருடைய 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை ஒன்றுதான் 2022-இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு விற்றது. விற்காமல் தேங்கிய அவ்வரிசை அட்டைகளை 1960-இல் படகிலேற்றிக் கடலில் கொட்டியதாக, அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஸை பெர்கரே கூறியுள்ளார். இவ்விரு அட்டைகளையும் வேறுபடுத்தி அறிய முகம் மட்டும் போதாது. வரிசை எண்ணும் பின்புறத்துச் சிற்றெழுத்தும் வேண்டும். இதனை நினைவில் வைத்து நம் ஊருக்கு வருவோம்.

நம் நாட்டுப் படங்கள்

நம் சிறுவர்களுக்கு அத்தகைய அட்டையாக வாய்த்தது தீப்பெட்டியின் மேலொட்டு. தொடக்கத்தில் சுவீடனும் ஜப்பானும் இந்தியச் சந்தைக்குத் தீப்பெட்டி அனுப்பின. நம் தெய்வப் படங்களையும் அந்நாட்டார் அச்சிட்டனர். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று, திரும்பி வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பெட்டிக்கு ஒட்டு வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் அங்கு வளர்ந்தது.

சின்னப் பாட்டியின் தந்தையார் இரயில்வே ஊழியர். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைப் பயணிகளும் விழுப்புரம் சந்திப்பில் பெட்டிகளை எறிவார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாட்டி அவற்றைப் பொறுக்கி, மேலொட்டை முழுதாக உரித்து டின்னில் போட்டார். தந்தையாரோ 1980 வாக்கில், பத்து வயதில், திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே சேகரித்தார். இரண்டு கிளிக்கு ஒரு யானை என்று தோழர்களிடம் மாற்றிக்கொண்டதை இன்றும் பெருமையாகச் சொல்வார். நோட்டில் அழகாக ஒட்டவேண்டும் என்பதற்காக, படத்தைச் சுற்றியிருந்த எழுத்துகளைக் கத்தரித்து எறிந்துவிட்டார். ஒட்டியது சோற்றுப் பசையால்.

காலம் காணும் வழி

சென்ற விடுமுறையில் இரண்டையும் அருகருகே வைத்தேன். இரண்டிலும் ஒரே யானை. “இவற்றில் எது பழையது?” என்று கேட்டார் தந்தையார். பாட்டியின் படத்திற்கு என்னால் விடை கூற முடிந்தது. அதன் வழி வருமாறு:

1. நாணயம். நம் நாட்டில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. ‘நயா’ என்ற அடைமொழி நீங்கியது 1964 ஜூன் 1. ஆகவே ‘நயா பைசா’ என்று விலையிட்ட ஒட்டு பெரும்பாலும் இவ்விரு எல்லைக்குள் அடங்கும். பாட்டியின் யானையில் அச்சொல் இருந்தது.

2. எழுத்து. ‘யானை’ என்ற சொல்லிலுள்ள ‘னை’, துதிக்கை வளைந்த பழைய வடிவில் உள்ளதா எனக் காண்க. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல்.

3. மாவட்டம். சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். பின்னர் காமராசர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர் மாவட்டம். கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி, பின்னர் சிதம்பரனார், 1997 முதல் தூத்துக்குடி.

4. அஞ்சல் எண். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. பின்கோடு உள்ள ஒட்டு 1972-க்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது உறுதி. பின்கோடு இல்லாத ஒட்டு பழையது என்பது மட்டும் உறுதியன்று. அச்சகத்தார் பழைய அச்சையே பல்லாண்டு பயன்படுத்தியிருக்கலாம். பழைய ‘னை’க்கும் இதே விதி. புதிய அடையாளம் முடிவு சொல்லும். பழைய அடையாளம் குறிப்பு மட்டுமே தரும்.

வெட்டி எறிந்தது எது?

தந்தையாரின் யானைக்கு என்னால் விடை கூற இயலவில்லை. விலை, ஊர், எழுத்து எதுவும் அதில் எஞ்சவில்லை. ஏதேனும் இருக்குமோ என்று ஈரத்துணியால் உரிக்க முயன்றேன். சாயம் கரைந்து யானையின் பாதி போயிற்று. தந்தையார் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினார். பிழை அவருடையது மட்டுமன்று, என்னுடையதும்தான்.

அன்றிரவு பாட்டியின் ஒட்டுகளில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்ற ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது வேறொன்று புலப்பட்டது. என் தந்தையார் பத்து வயதில் படத்தை உரித்து மகிழ்ந்த நாட்களில், அதே வயதுப் பிள்ளைகள் அவ்வூர்ப் பக்கங்களில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் கூலி பெற்றனர். பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தது. அப்பிள்ளைகளின் பெயர் எந்த ஒட்டிலும் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றே அவர்களுக்குச் சாட்சி. அழகுக்காக நாம் வெட்டி எறிந்தது அந்தச் சாட்சியைத்தான்.

முடிவுரை

50 காசு விற்ற தீப்பெட்டி 2007-இல் 1 ரூபாயும், 2021 டிசம்பரில் 2 ரூபாயும் ஆயிற்று. லைட்டர் பெருகிவரும் இக்காலத்தில் பழைய ஒட்டுகள் அருகிவருகின்றன. நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய தாள் கிடைத்தால் வெட்டாதீர்கள்; நனைக்காதீர்கள்; பசையோ செல்லோடேப்போ இடாதீர்கள். காகித உறையிலிட்டு, யாரிடம், எங்கே, எப்போது கிடைத்தது என்று உறையின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள். திருமணப் பத்திரிகைக்கும் கடைச் சீட்டுக்கும் இதே முறை பொருந்தும். நம் விழுப்புரமே 1993 வரை தென்னார்க்காடு மாவட்டந்தானே!

பாதி யானையையும் உறையிலிட்டுள்ளேன். “திண்டிவனம், சுமார் 1980, அப்பா சேகரித்தது, நான் கெடுத்தது” என்று மேலே எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு சான்றுதானே.