பாம்புக் கற்றாழை ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல

நர்சரியில் பாம்புக் கற்றாழையைக் கைகாட்டினால் போதும், விலைக்கு முன்னால் வாசகம் வந்துவிடும்: “இது ராத்திரியிலயும் ஆக்சிஜன் விடும் சார், பெட்ரூம்ல வைங்க.” கூடவே இன்னொன்று: “வெயிலே வேண்டாம், பராமரிப்பே வேண்டாம்.” இரண்டையும் நம்பி வாங்கிப்போன செடி படுக்கையறையின் இருட்டு மூலையில் உட்கார்கிறது. பாவம் என்று யாராவது தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில மாதங்களில் அடி அழுகிச் சாய்கிறது.

ஆக்சிஜன் கதையில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் இலை ஏன் மஞ்சளாகிறது என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் ஈரமும் ஆவியாகிப் போகும். வறண்ட நிலத்துச் செடிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் பாம்புக் கற்றாழை, சப்பாத்திக் கள்ளி, அன்னாசி போன்றவை பகலில் துளைகளை மூடிவைத்து, வெக்கை தணிந்த இரவில் திறக்கின்றன. அப்போது எடுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் சேமித்து, விடிந்ததும் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. ஆக்சிஜன் பிறப்பது தண்ணீர் மூலக்கூறு ஒளியின் உதவியால் பிளக்கப்படும்போதுதான். விளக்கணைத்த அறையில் அது நடக்காது. இரவில் இந்தச் செடி செய்வது கரியமில வாயுவைக் கொஞ்சம் உறிஞ்சுவது மட்டுமே. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டருக்கும் மேல் ஆக்சிஜன் தேவை. ஒரு தொட்டிச் செடி பகல் முழுக்க வேலை செய்தாலும் அந்தக் கணக்கில் எங்கோ தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் நிற்கும்.

இந்தியாவில் இந்தப் பேச்சு பரவியதில் டெல்லித் தொழிலதிபர் கமல் மீட்டலின் 2009ஆம் ஆண்டு டெட் உரைக்குப் பெரும் பங்கு உண்டு. இதைப் ‘படுக்கையறைச் செடி’ என்றே அவர் அறிமுகப்படுத்தினார். ஆனால் அவரே சொன்ன அளவு, ஆளுக்கு இடுப்பு உயரச் செடிகள் ஆறு முதல் எட்டு. விற்பவர்கள் அந்த எண்ணிக்கையை மட்டும் வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டார்கள்.

“நாசாவே சொல்லியிருக்கு, காத்தைச் சுத்தப்படுத்தும்.” நாசா சொன்னது வேறு சூழலைப் பற்றி. 1989இல் வெளியான நாசா விஞ்ஞானி உல்வர்டனின் ஆய்வு, ஒரு கன மீட்டர்கூட இல்லாத, காற்றுப் புகாத பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்கள் குறைகின்றனவா என்று பார்த்தது. குறைந்தன, அதிலும் இலையைவிட வேரைச் சுற்றிய மண்ணுக்கே முக்கியப் பங்கு. நம் வீடு மூடிய பெட்டியில்லை. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பழைய சோதனைகளைத் தொகுத்து, 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும். நூறு சதுர அடி அறைக்குக் குறைந்தபட்சக் கணக்கிலேயே 90க்கு மேற்பட்ட தொட்டிகள்! கட்டிலை வெளியே போட வேண்டியதுதான். ஜன்னலைத் திறப்பது மலிவு.

சரி, இரவில் வாய் திறக்கும் அந்தப் பழக்கம் நமக்கு உண்மையில் சொல்வது என்ன? இது தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும் செடி என்பதுதான். இதன் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. நம் ஊர்க் காடுகளிலும் இதற்கு ஓர் உறவு உண்டு: நார் எடுக்கப் பயன்பட்ட மருள், பழைய பெயரில் மரல். கலித்தொகையின் பாலைப் பாட்டில் மழை பொய்த்த காட்டில் மரையா என்னும் காட்டு விலங்கு தேடித் தின்பது அந்த மரலைத்தான். மற்றதெல்லாம் காய்ந்த இடத்தில் சாறோடு நிற்கும் குடும்பம் இது. இதற்குப் போய்த் தினமும் ஒரு டம்ளர்!

“வாரம் ஒருமுறை ஊத்தினாப் போதும்” என்பதும் சரியான அறிவுரை இல்லை. காலண்டரைப் பார்த்து ஊற்றக் கூடாது, மண்ணைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஒரு மெல்லிய குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் வடியும் அளவுக்கு ஊற்றலாம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் நம்ப முடியாது, கோகோபீட் அதிகம் கலந்த நர்சரிக் கலவையில் அடி பல நாள் ஈரமாகவே இருக்கும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்கும் தொட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் முழுக்கக் கேட்காமல் இருக்கலாம். செம்மண்ணோடு மணலோ பெர்லைட்டோ தாராளமாகக் கலந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. “அடியில ஜல்லி போட்டா தண்ணி நிக்காது” என்பார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே மண் ஊறி நிறைந்த பிறகே சொட்டும். ஈரப் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டை அடைபடாமல் ஓர் ஓட்டுச் சில்லு வைத்தால் போதும்.

இலைக்கு வருவோம். பலரையும் ஏமாற்றுவது நீளவாக்கில் சுருங்கி மடிந்த இலை. “தண்ணி பத்தல” என்று உடனே ஊற்றிவிடுவோம். வறட்சியிலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தில் வாடும். மண் காய்ந்திருந்தால் தண்ணீர். மண் ஈரமாக இருந்து, இலையின் அடி மஞ்சளாகி, தொட்டால் கொழகொழத்து, வாடையும் அடித்தால் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பழுப்பேறிய கிழங்கையும் வேரையும் கெட்டியான வெள்ளைப் பகுதி தெரியும்வரை வெட்டி, நிழலில் ஓரிரு நாள் ஆறவிட்டு, உலர்ந்த புதுக் கலவையில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டாம். உரமும் வேண்டாம். மஞ்சளைக் கண்டதும் ‘சத்துக் குறைவு’ என்று உரம் போடுவது, வேரில்லாத செடிக்கு உப்பைக் கொட்டுவதுதான்.

நுனி மட்டும் காய்ந்து பழுப்பானால் பதற ஒன்றுமில்லை. போர்வெல் தண்ணீரின் உப்பு, அதிக உரம், நீண்ட வறட்சி, ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது. இலையில் செம்பழுப்பாகப் பள்ளம் விழுந்த புள்ளிகள் வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அந்த இலையை வெட்டி எறிந்துவிட்டு, இனி இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சில நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இலைத்துளைகளை அடைக்கும், தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும். ஈரத்துணி போதும்.

“வெயில் வேண்டாம்” என்பதும் பாதி உண்மைதான். இருட்டைப் பொறுத்துக்கொள்ளும், இருட்டில் வளராது. ஜன்னலில்லாத குளியலறையில் புதிய இலை மெலிந்து, வெளிறி, நிற்கத் தெம்பில்லாமல் சாயும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிப்பதும் குறையும் என்பதால், ஜன்னலோரத்தில் சரியாக இருந்த அதே தண்ணீர் மூலையில் அழுகலாக முடியும். கிழக்கு ஜன்னல் நல்ல இடம். ஆனால் இருட்டிலிருந்து எடுத்து நேராக மொட்டைமாடி மத்தியான வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுத்துவிடும். படிப்படியாகப் பழக்குங்கள்.

பாம்பை விரட்டும் என்பதற்கும், அழைத்துவரும் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. பூனையும் நாயும் உள்ள வீட்டில் வேறு கவனம் வேண்டும்: இலையில் சப்போனின் இருப்பதால், கடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். பூத்தால் செத்துவிடும் என்று பயந்து மொட்டைக் கிள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். பூத்த குருத்து மேற்கொண்டு புது இலை விடாது, அவ்வளவுதான். பக்கத்தில் கன்றுகள் வரும். பூ இரவில் மணக்கும், கிள்ளாமல் விட்டுப் பாருங்கள்.

இலையை வெட்டி நட்டால் தாயைப் போலவே வரும் என்பது பச்சை வகைக்குச் சரி. மஞ்சள் கரை போட்ட வகையில் இலைத்துண்டிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாகத்தான் இருக்கும். ஒரே இலையில் மரபு வேறுபட்ட இருவகைத் திசுக்கள் அடுக்காக இருப்பதால் வரும் கரை அது. துண்டிலிருந்து புதுக் கன்று எழும்போது அந்த அடுக்கு கலைந்துவிடும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு கன்றைப் பிரித்து நடுங்கள். இலைத்துண்டுதான் நடுகிறீர்கள் என்றால், எது அடிப்பக்கம் என்று வெட்டும்போதே பேனாவால் குறித்துவையுங்கள். தலைகீழாகச் செருகிய துண்டு வேர்விடாது.