குழந்தை ஒரு குட்டிப் பெரியவர் அல்ல

புதுக்கோட்டை மாவட்டத்தில், பாக் நீரிணையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர் மணமேல்குடி. அங்கிருந்து அறந்தாங்கி, சாலை வழியே 30 கிலோமீட்டருக்கு மேல். 2017இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியோ 60 கிலோமீட்டருக்கு மேல். 108 ஆம்புலன்ஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நிற்காமல் ஓடினாலும் அறந்தாங்கிக்கு அரை மணி நேரம், புதுக்கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் போவது நின்றுவிட்டால் 4 அல்லது 5 நிமிடங்களில் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்கிவிடும்.

இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஆபத்தில் இருப்பவர் முதலில் எந்த மருத்துவமனையின் வாசலுக்குள் நுழைகிறாரோ, அந்த மருத்துவமனையே தயாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும். பெரிய மருத்துவமனை எங்கோ இருக்கிறது என்பது மட்டும் போதாது.

சரி, அந்த வாசலுக்குத் தூக்கிவரப்படுவது ஒரு கைக்குழந்தை என்றால்? பெரியவர்களுக்காக வைத்திருக்கும் கருவிகளையும் மருந்துகளையும் சற்றே குறைத்துப் பயன்படுத்தினால் ஆயிற்று என்று தோன்றலாம். அது சரியன்று. ஏன் என்பதற்கான விடை உங்கள் கணிதப் புத்தகத்திலும் இயற்பியல் புத்தகத்திலும் இருக்கிறது.

பக்கம் பாதியானால் என்ன ஆகும்?

2 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 24 சதுர செ.மீ.; கனஅளவு 8 கன செ.மீ. ஒரு கன செ.மீ.க்கு 3 சதுர செ.மீ. பரப்பு கிடைக்கிறது. பக்கத்தை 1 செ.மீ. ஆக்குங்கள். மேற்பரப்பு 6, கனஅளவு 1. இப்போது விகிதம் 6. உருவம் சிறுக்கச் சிறுக்க, உடலின் அளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடுகிறது.

3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் தோல் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு ஏறத்தாழ 1.65 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் தோல் பரப்பு, குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம். வெப்பம் வெளியேறுவது தோலின் வழியாகத்தானே? எனவே நீரில் விழுந்து மீட்கப்பட்ட குழந்தை பெரியவரைவிட மிக விரைவாகக் குளிர்ந்துவிடும். ஈரத்துணியைக் களைந்து, துடைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்துவது சிகிச்சையின் ஒரு பகுதி. குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் வசதி அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தே ஆக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் வீக்கம்

பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர், நுண்ணிய குழாய்களில் திரவம் ஓடும் விதத்தை ஆராய்ந்து 1840களில் ஒரு விதியை வெளியிட்டார். குழாயின் ஆரம் குறைந்தால் ஓட்டத்திற்கான தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் கூடும் என்பது அதன் சாரம். சீராக ஓடும் காற்றுக்கும் இது பொருந்தும்.

குழந்தையின் மூச்சுக்குழாய் 4 மி.மீ. விட்டமும், பெரியவரின் மூச்சுக்குழாய் 16 மி.மீ. விட்டமும் உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். சளிக் காய்ச்சலால் இருவருக்கும் உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்குகிறது. பெரியவரின் குழாயில் ஆரம் 8இலிருந்து 7 ஆகிறது. தடை ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. அவருக்குத் தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். குழந்தையின் குழாயில் ஆரம் 2இலிருந்து 1 ஆகிறது. தடை 16 மடங்காகிறது! அதே வீக்கம் குழந்தைக்கு உயிராபத்து.

அழுதால் நிலைமை இன்னும் மோசமாகும். காற்று வேகமாக ஓடிச் சுழலத் தொடங்கும்போது தடை மேலும் ஏறும். மூச்சுத்திணறும் குழந்தையைத் தாயின் மடியிலேயே வைத்துக்கொண்டு, அழவிடாமல் ஆக்சிஜன் கொடுப்பது இதனால்தான். ஆக்சிஜன் முகமூடி, மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாய், இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை, ஊசி எல்லாமே பல அளவுகளில் வேண்டும். பெரியவரின் கைப்பட்டையைக் குழந்தைக்குச் சுற்றினால் இரத்த அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

எடை தெரியாமல் மருந்து இல்லை

குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 80 மி.லி. இரத்தம் உண்டு. 5 கிலோ குழந்தைக்கு மொத்தமே 400 மி.லி. இரண்டு டம்ளர்! இரத்ததானம் செய்பவர் ஒரு தடவையில் 350 மி.லி. கொடுத்துவிட்டு எழுந்து நடக்கிறார். அந்தக் குழந்தை 100 மி.லி. இழந்தாலே கால்பங்கு போய்விட்டது.

ஆகவே மருந்தும் டிரிப்ஸும் கிலோ கணக்கில்தான் கொடுக்கப்படும். அவசரத்தில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்து 10 மடங்காகிவிடும். எடை பார்க்க நேரமில்லாதபோது என்ன செய்வது? 1 முதல் 6 வயது வரை, வயதை 2ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால் உத்தேச எடை கிடைக்கும். 4 வயதுக் குழந்தைக்கு 16 கிலோ. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ 1980களில் ஒரு வண்ண நாடாவை உருவாக்கினார். குழந்தையின் பக்கத்தில் நாடாவை நீட்டினால், உயரத்துக்கு ஏற்ற வண்ணக் கட்டத்தில் உத்தேச எடையும் மருந்தளவும் குழாயின் அளவும் எழுதியிருக்கும். ஆனால் இந்தியாவில் சோதித்தபோது, 10 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த நாடா எடையைக் கூட்டிக் காட்டியது. அளவுகோலையும் நம் மண்ணில் சரிபார்க்க வேண்டும் அல்லவா?

ஒரு விதிவிலக்கையும் நினைவில் வையுங்கள். பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்து, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். கடிபட்டவர் சிறியவர் என்பதற்காகப் பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லையே! அங்கே நஞ்சுக்குத்தான் கணக்கு. உடல் எடைக்கு அன்று.

வரிசையில் யார் முதல்?

இரத்தத்தையோ நீரையோ இழக்கும் குழந்தையின் உடல், இரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொண்டு இரத்த அழுத்தத்தை நீண்ட நேரம் தாங்கிப்பிடிக்கும். பிறகு திடீரென்று சரியும். எனவே அழுத்தம் குறையும்வரை காத்திருக்கக் கூடாது. கை சில்லிட்டிருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் மீண்டும் சிவக்க 3 விநாடிக்கு மேல் ஆகிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் நிமிடத்திற்கு 50 மூச்சு, 1 முதல் 5 வயதுக்குள் 40 மூச்சு என்ற எல்லையைத் தொட்டால் அது வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டயர் நகர மருத்துவமனையில், 2001 முதல் குழந்தைகளை வந்த வரிசைப்படி பார்க்காமல், வந்தவுடன் ஆபத்தின் அளவுப்படி பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் அனுமதிக்கப்பட்ட குழந்தைகளில் 100க்கு 10 முதல் 18 பேர் வரை இறந்துவந்தனர். பின்னர் அது 6 முதல் 8 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்படுகிறார்கள். குழந்தைகளின் அவசர சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவும் அத்திட்டத்தில் உண்டு.

தயார் என்பது எது?

2013இல் அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு, குழந்தைகளைக் கவனிக்க எவ்வளவு தயார் என்று 100க்கு மதிப்பெண் போட்டார்கள். நடுமதிப்பு ஏறத்தாழ 69தான். பணக்கார நாட்டிலேயே இப்படி! மதிப்பெண் உயர்ந்த இடங்களில், கடுமையாக நோயுற்ற குழந்தைகளின் இறப்பு குறைவு என்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

மதிப்பெண்ணை உயர்த்தும் செயல்கள் பலவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒவ்வொரு குழந்தையையும் கிலோவில் எடைபோட்டு எழுதுவது. எல்லா அளவுக் கருவிகளையும் ஒரே பெட்டியில் அடுக்கி அடிக்கடி சரிபார்ப்பது. அதற்கென ஒரு நர்ஸைப் பொறுப்பாக்குவது. மேல்சிகிச்சைக்கு எங்கே, எப்படி அனுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வது. மணமேல்குடி போன்ற கடலோர ஊருக்கு இந்தப் பெட்டியும் பயிற்சியும்தான் முதல் அரை மணி நேரத்தை வாங்கித் தரும்.

செய்து பாருங்கள்

1. குளிர்பானக் கடையின் பெரிய உறிஞ்சுகுழலையும், சிறு பழச்சாறு டப்பாவுடன் வரும் மெல்லிய குழலையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு டம்ளர் குடிநீரை ஒவ்வொன்றாலும் உறிஞ்ச ஆகும் நேரத்தைக் குறியுங்கள். விட்டங்களை அளந்து, நேர விகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

2. தூங்கும் தம்பி அல்லது தங்கையின் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் மூச்சையும் எண்ணுங்கள்.

3. வீட்டிலுள்ள ஒவ்வொரு குழந்தையின் எடையையும் கிலோவில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் 108 என்ற எண்ணையும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை எடையைத் திருத்துங்கள். மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றுக்கு உங்களிடம் விடை தயாராக இருக்கும்.