பஸ்ஸில் வைத்த சத்தம்

அன்புள்ள கவிதா,

போனுக்கு எந்த இயர்போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு பிராண்டு பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் காதுக்குள் செருகும் இயர்போனில், என் காதுக்குப் பொருந்துவது உனக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் சோதித்து வாங்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் முனையிலுள்ள சிலிக்கோன் ரப்பரைக் கவனி. பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு இருக்கும். மாட்டி வந்ததையே பலர் மாற்றாமல் கேட்டுவிட்டு, "பேஸே இல்லை" என்பார்கள். காதுத்துளையை ரப்பர் முழுக்க அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும்; மிருதங்கத்தின் தொப்பி ஓசையே கேட்காது. எதிர்க் கையால் காதுமடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டு செருகு. பிறகு வாய்விட்டுப் பேசு. உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்தால், சரியாக அடைத்திருக்கிறது. இரண்டு காதுக்கும் இரண்டு அளவு தேவைப்பட்டாலும் கவலைப்படாதே, அது சகஜம்.

அடுத்து, உனக்கு மனப்பாடமான பாட்டைப் போடு. பாடகியின் 'ச', 'ஸ' காதைக் குத்தினால் அந்த இயர்போனை வைத்துவிடு. மணிக்கணக்கில் கேட்க முடியாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பையும் கேட்டுப் பார். பின்னிப் பின்னி வரும் வயலின்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே கேட்க வேண்டும்.

ஷிஃப்டு முடிந்த கையோடு இதைச் செய்யாதே. சிப்காட்டில் பிரஸ் ஷாப் இரைச்சலில் நாள் முழுக்க நின்ற காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். அப்போது கேட்டால், சத்தம் கூடுதலாகத் தருவதே நல்லதாகத் தோன்றும். வார விடுமுறைக் காலையில் கேள்.

பாகலூர் ரோடு கடைக்குள் எல்லாமே நன்றாகத்தான் ஒலிக்கும். உண்மையான சோதனை பஸ்ஸில்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பெங்களூரு பஸ்ஸில் அத்திப்பள்ளி வரைக்கும் கேட்டுக்கொண்டே போ. பாட்டு தெளிவாகும் வரை வால்யூமைக் கூட்டு. இறங்கியபின், அதை மாற்றாமல் அமைதியான அறையில் அதே பாட்டை ஒரு நொடி போடு. திடுக்கிட வைத்தால், பஸ் இரைச்சலை அது தடுக்கவில்லை. நீதான் சத்தத்தால் அமுக்கியிருக்கிறாய். நான் எதையும்விட இந்தச் சோதனையைத்தான் பெரிதாக மதிப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். இரைச்சல் நீக்கும் வசதி உள்ளதை வாங்கினால் எஞ்சின் உறுமல் நன்றாகக் குறையும். ஹாரனும் பேச்சும் அவ்வளவாகக் குறையாது.

வயரா புளூடூத்தா என்பது உன் விருப்பம். போனில் 3.5 மி.மீ. ஓட்டை இருந்தால், அதே விலைக்கு வயர் இயர்போனில்தான் பெரும்பாலும் நல்ல ஒலி கிடைக்கும். அம்மாவோடு நிறையப் பேசுவாய்; பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு போன் போட்டு, உன் பேச்சு புரிகிறதா என்று அவரிடம் கேட்டுக்கொள்.

கம்பெனி தரும் காதடைப்பானுக்குப் பதிலாக இதைச் செருகிக்கொண்டு மெஷின் முன் நிற்காதே. ஹைவேயைக் கடக்கும்போது இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா