மருத்துவரிடம் சொல்லும் மணிக்கணக்கு

 

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், பகலில் தூங்கி வழிதல் ஆகியவை தூக்க மூச்சுத்தடை நோயின் அறிகுறிகள். இதற்குத் தரப்படும் 'சிபாப்' கருவி, மூக்கு வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இம்முறையை வெளியிட்டார். மாட்டியிருக்கும் நேரத்துக்குத்தான் பலன். அதனால் மருத்துவர், "தினமும் போடுகிறீர்களா?" என்று கேட்கிறார்.

நாம் சொல்லும் பதில் எவ்வளவு சரியானது? அமெரிக்காவில் 35 நோயாளிகளின் கருவிகளில், அவர்கள் அறியாமல் நேரம் பதியும் சாதனத்தைப் பொருத்தினர். 1993-ல் முடிவு வெளியானது. தினமும் போடுவதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். ஆனால் பத்தில் ஏழு நாளாவது 4 மணி நேரம் போட்டவர்கள் 16 பேர்தான்.

இது அயல்நாட்டாரின் குறை மட்டுமல்ல. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையமும், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் சொல்லோடு நிற்கவில்லை; சொல்லாமல் வீட்டுக்குச் சென்று சிறுநீரைச் சோதித்தது.

எல்லோரும் பொய் சொல்வதில்லை. தூக்கத்தில் கை தானாகக் கழற்றிவிடும், காலையில் நினைவிருக்காது. மருத்துவர் கோபிப்பாரோ என்ற தயக்கமும் உண்டு. ஸஹருக்கோ ஃபஜ்ருக்கோ எழுந்து கழற்றியவர், மீண்டும் படுக்கும்போது மாட்டுவதில்லை. பலருக்கு மூச்சுத்தடை அதிகமாவது பின்னிரவு, விடியற்காலைத் தூக்கத்தில்தான்.

தவறான கணக்கால் நஷ்டம் நமக்கே. "தினமும் போடுகிறேன்" என்பதை நம்பும் மருத்துவர், கருவி போதவில்லை என்று எண்ணி, தேவையில்லாத மாற்றம் செய்யக்கூடும். விழுப்புரம், திண்டிவனம் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரவில் வண்டி ஓட்டும் நம் சகோதரர்களுக்கு, ஒரு நொடி கண் அயர்வதே உயிருக்கு ஆபத்து.

எனவே:

1. இன்றைய கருவிகள் பலவும் நேரத்தைத் தாமே பதிகின்றன. மருத்துவரிடம் போகும்போது கருவியையோ அதன் மெமரி கார்டையோ எடுத்துச் செல்லுங்கள்.

2. இரவில் கழற்றிக் கிடந்தால் வீட்டார் குறித்து வையுங்கள். குற்றம் சொல்வதற்காக அல்ல, மருத்துவரிடம் காட்டுவதற்காக.

3. போடாத நாளைச் சொல்லுங்கள்; காரணத்தையும் சொல்லுங்கள். மூக்கு வறண்டால் காற்றை ஈரமாக்கும் வசதி உண்டு. தாடியால் காற்று கசிந்தால், மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் மாஸ்க் உண்டு.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றி மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே.