வண்டி என்ன கொடுக்குது?

“21 கொடுக்கும்னு சொல்லித்தான் வித்தாங்கண்ணா. எனக்கு 14 தாண்டல.” “நம்ம வண்டி 18 கொடுக்குதேப்பா!”

நாட்றம்பள்ளியில் கார் வைத்திருக்கும் இரண்டு பேர் டீக்கடையில் நின்றால் பேச்சு இங்கேதான் வந்து சேரும். 14 சொன்னவர் மறுநாளே மெக்கானிக்கிடம் போவார், பங்க்கை மாற்றுவார், யாரோ விற்கும் ‘மைலேஜ் கருவி’யை வாங்கி மாட்டுவார். இருவரும் எந்தச் சாலையில், எந்தப் பக்கமாக ஓட்டினார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த எண்ணில் சாலைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் பெரியது.

காரணம், நாட்றம்பள்ளி ஒரு நீண்ட சரிவின் நடுவில் இருக்கிறது. கிழக்கே போனால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று சாலை இறங்கிக்கொண்டே போய்ச் சென்னையில் கடலைத் தொடும். மேற்கே பர்கூர், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று ஏறிக்கொண்டே போகும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்மூரிலிருந்து அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 500 மீட்டர் ஏற வேண்டும். ஆறுவழிச் சாலையில் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் என்ஜினுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு பேரும் பெட்டிகளுமாக 1,300 கிலோ எடையுள்ள காரை 500 மீட்டர் உயர்த்த சுமார் 6.4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும் அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். ஆக, ஏற்றத்துக்கு மட்டும் முக்கால் லிட்டர் அளவுக்குக் கூடுதலாகப் போகிறது. சமதரையில் 16 கொடுக்கும் கார் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போகும்போது 15-க்குக் கீழே இறங்கும், திரும்பி வரும்போது 17-ஐத் தாண்டும். கார் அதே கார், ஓட்டியவரும் அவரேதான். ஒருவர் போகும்போது எடுத்த எண்ணையும் இன்னொருவர் வரும்போது எடுத்த எண்ணையும் வைத்துக்கொண்டு எந்த கார் நல்ல கார் என்று வாதாடுவதில் பொருளே இல்லை.

‘கம்பெனி சொல்லும் எண் முழுப் பொய்’

பொய் இல்லை. ஆனால் அது சாலையில் எடுத்த எண்ணும் இல்லை. விளம்பரங்களில் வரும் ‘அராய் மைலேஜ்’, புனேயில் உள்ள அராய் போன்ற பரிசோதனைக் கூடங்களில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி ஓட்டி எடுப்பது. அந்த ஓட்டம் மொத்தம் 1,180 வினாடி, அதாவது இருபது நிமிடம் கூட இல்லை. தூரம் 11 கிலோமீட்டருக்கும் குறைவு. சராசரி வேகம் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர், மிக அதிக வேகம் 90. ஏசி போடுவதில்லை. கூடத்தின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும்.

நாம் மே மாதம் 40 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக வைத்து, நெடுஞ்சாலையில் 110-இல் ஓட்டுகிறோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும். 80-லிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு கார்களை ஒரே நிபந்தனையில் ஒப்பிட மட்டுமே கூடத்து எண் உதவும். ஷோரூமில் அதை அப்படிச் சொல்லாமல் ‘இவ்வளவு கொடுக்கும்’ என்று வாக்குறுதியாகச் சொல்வதுதான் தவறு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துபவர்களுக்கு எண் இன்னும் கீழே போகும். என்ஜின் சூடேறும் வரை அதிகப் பெட்ரோல் குடிக்கும், சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். வெயிலில் வெந்து கிடந்த காரைக் குளிர்விக்க ஏசி முழு மூச்சாக ஓடுவதும் இந்தக் குட்டிப் பயணங்களில்தான். கடும் வெப்பத்தில் குறுகிய பயணத்தில் ஏசி 25 சதவீதத்துக்கு மேல் கூட எரிபொருள் சிக்கனத்தைக் குறைக்கலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆம்பூர் கடைவீதி நெரிசலில் 11 வந்தால் காரில் கோளாறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

‘மலை இறங்கும்போது நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம்’

இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் நியூட்ரலில் உருண்டு பொன்னேரிக்கு வந்து சேர்ந்ததைச் சாதனையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அம்பாசடர், பத்மினி காலத்து கார்புரேட்டர் வண்டிகளோடு பிறந்த பழக்கம் இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜினில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. கணினி பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவை. அதாவது மிச்சம் பிடிக்கச் செய்யும் காரியமே செலவு வைக்கிறது.

செலவாவது போகட்டும். நியூட்ரலில் என்ஜினின் பிடி போய்விடுகிறது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல். வளைவுக்கு வளைவு மிதித்து அது சூடேறினால் பிடிக்கும் வலிமை குறையும். சாவியையே அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்கு பிரேக் மிதி கல்லாக இறுகும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

‘வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும்’

இதுவும் ஆபத்தான நம்பிக்கை. காற்று குறைந்த டயர்தான் பக்கவாட்டில் அதிகம் மடங்கி மடங்கி அதிகம் சூடேறும், வெடிக்கும் வாய்ப்பும் அதற்கே அதிகம். ஓடும்போது அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுவதைக் கணக்கில் கொண்டுதான் ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் அளவு போட்டிருக்கிறார்கள். வண்டி நின்று ஆறியபின், காலையில், அந்த அளவுக்குப் பிடியுங்கள். மைலேஜும் கொஞ்சம் கூடும்.

‘எத்தனால் கலந்ததிலிருந்து மைலேஜ் பாதியாகிவிட்டது’

குறைந்திருப்பது உண்மை, பாதி என்பது பொய். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால், கலப்பே இல்லாத பெட்ரோலைவிட ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறையும். 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவீதம். 18 கொடுத்த கார் 17 கொடுக்கலாம். 12 கொடுத்தால் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய வடிவமைப்பு கார்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பு என்றே சொன்னது. ஆற்றல் குறைவதால் அந்த எரிபொருளை விலை குறைத்து விற்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. விலை குறையவில்லை. கார்க்காரர்களின் கோபத்தில் நியாயமான பகுதி அதுதான், பாதியாகிவிட்டது என்று பேசிப் பேசி அந்த நியாயத்தை நாமே வீணாக்குகிறோம்.

பங்க் பற்றிய நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே முடிக்கலாம். விடிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்காது. தொட்டி நிலத்தடியில் இருக்கிறது, அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. 500-க்குப் பதில் 510 ரூபாய்க்குப் போடச் சொல்வதாலும் பயனில்லை. அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவைக் கலனைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். அது ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், அளந்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். விலை கூடிய ‘பவர்’ பெட்ரோலில் ஆக்டேன்தான் அதிகம், ஆற்றல் அதிகமில்லை. சாதாரணப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்த என்ஜினுக்கு அது தேவையில்லை. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம் போன்ற கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தும் ஒன்று கூட அதற்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் கம்பெனியைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று ஆகாது. லிட்டருக்கு 16 முதல் 18 என்று விளம்பரம் செய்த மாருதி ஜென் காரை 2004-இல் வாங்கியவருக்கு 10.2 தான் கிடைத்தது. அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதை 2024 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் உறுதி செய்தது. 32 கிடைக்கும் என்று சொல்லி விற்ற ஃபோர்டு கிளாசிக் டீசல் காருக்காக, திருச்சூர் மாவட்ட ஆணையம் 2022-இல் 3.10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அந்த வழக்கில் நிபுணர் ஒருவர் காரை ஓட்டிப் பார்த்து 19.6 தான் வருகிறது என்று அறிக்கை கொடுத்திருந்தார்.

டேஷ்போர்டுத் திரையில் தெரியும் எண்ணை ஆதாரமாக வைக்காதீர்கள், பல கார்களில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரே பங்க்கில், ஆட்டோ கட் ஆகும் வரை டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கோ சென்னைக்கோ போய், அதே வழியில் திரும்பி வந்து, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். ஏற்றமும் இறக்கமும் அதில் கழிந்துவிடும். சில மாதங்களுக்கு இப்படிச் செய்து, பில்களோடு சர்வீஸ் ரசீதுகளையும் காரை விற்றபோது தந்த விளம்பரத் தாளையும் சேர்த்து வையுங்கள். அப்போதும் எண் மிகவும் கீழே இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும்போது உங்கள் கையில் சான்று இருக்கும்.