வெயில் புகும் வீடு

1896ஆம் ஆண்டு பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் மாண்டோர் பலர். எனவே 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளும் பூங்காக்களும் கொண்ட குடியிருப்புகளை வகுத்தது. 'ஐந்து தோட்டங்கள்' இன்றும் அங்குள்ளன. எழுத்தர் பணிக்கு வந்த தமிழர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். மொழி புரியாத நகரில் வாசல் வெயிலேனும் அவர்களுக்குச் சொந்த ஊரை நினைவூட்டியிருக்கும்; வெளியூரில் பணியாற்றும் எனக்கு அது புரிகிறது.

அருகிலுள்ள தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களுக்கு அத்தகைய வீடுகள் வாய்க்கவில்லை. அங்கே சந்துகளுக்குள் வெயில் இறங்குவது அரிது. துளசிச்செடி கூரைமேல், பழைய தகர டப்பாவில் வளர்கிறது.

எழுதுக: உங்கள் வீட்டிற்குள் வெயில் எப்போது, எவ்வழியே வருகிறது?