சர்க்கரை நோயும் மூளையின் ஆற்றல் நிலையங்களும்

"இனிப்பைத் தொடுவதே இல்லை; மாத்திரையையும் தவறவிடுவதில்லை. பிறகு ஏன் டாக்டர், வெறும் வயிற்றில் பார்க்கும்போது சர்க்கரை ஏறியே இருக்கிறது?"

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். அவர் உணவில் எதையோ மறைக்கிறார் என்று எண்ணிய நான், மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த முறை வந்தபோதுதான் வீட்டு நிலையை விசாரித்தேன். பக்கவாதத்தால் படுத்திருந்த கணவருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதங்களாக ஓர் இரவுகூட அவர் முழுமையாக உறங்கவில்லை. அவர் கூறியது முழு உண்மை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

உறக்கத்திற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? இதை அறிய, கணையத்தோடு மூளையையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

மூளையும் இன்சுலினும்

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், தசைகளும் கொழுப்புத் திசுவும் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்வாங்கச் செய்கிறது. கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விடுவதையும் கட்டுப்படுத்துகிறது. இவ்வுறுப்புகள் இன்சுலினுக்கு எவ்வளவு நன்றாகச் செவிசாய்க்கின்றன என்பதையே 'இன்சுலின் உணர்திறன்' என்கிறோம். அது குறைந்தால், இன்சுலின் இருந்தும் சர்க்கரை ஏறும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட், விலங்குகளின் மூளைத்தண்டில் ஓரிடத்தை ஊசியால் குத்தினால் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைக் கண்டார். 1921இல் இன்சுலின் கண்டறியப்பட்டபின் அனைவரின் கவனமும் கணையத்தின் மேல் திரும்பியது. 1978இல் எலியின் மூளையில் இன்சுலின் ஏற்பிகள் பரவலாக இருப்பது கண்டறியப்பட்டபோது, மூளையின் பங்கு மீண்டும் ஆராயப்பட்டது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், இன்சுலின் வருகையைக் கொண்டு உடலின் ஆற்றல் இருப்பை அறிகிறது, பசியை அடக்குகிறது, நரம்புகளின் வழியாகக் கல்லீரலுக்கும் கட்டளை அனுப்புகிறது.

மைட்டோகாண்ட்ரியாவின் பணி

இக்கட்டளையை அனுப்பும் நரம்பணுக்களுக்கு ஆற்றல் வேண்டும். உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதியை உண்டாக்குபவை, உயிரணுவினுள் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள். உணவிலிருந்து வரும் எரிபொருளை ஆக்சிஜனின் துணையோடு ஆற்றலாக மாற்றுவது இவற்றின் வேலை.

இவை ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் தம் வடிவை மாற்றிக்கொண்டே இருக்கும். இணைவதற்குத் தேவையான ஒரு புரதத்தை, பசியை அடக்கும் நரம்பணுக்களிலிருந்து மட்டும் நீக்கிய சுண்டெலிகள் மிகுதியாக உண்டு பருத்தன என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுபுறம், மூளையில் இன்சுலின் ஏற்பிகள் நீக்கப்பட்ட எலிகளில் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடே குன்றியது. ஆக, மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தால் மூளையின் கட்டுப்பாடு தளர்கிறது. இன்சுலினின் செய்தி மூளையில் எடுபடாவிட்டால் மைட்டோகாண்ட்ரியா சோர்கிறது. எலிகளில் கண்டவை அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. எனினும், ஓர் இரவு நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கிய ஆரோக்கியமான மனிதரிடமும் இன்சுலின் உணர்திறன் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது அளந்து காட்டப்பட்டுள்ளது. உறக்கம் கெடும்போது மூளை உடலை விழிப்பு நிலையிலேயே வைத்திருக்கிறது. அதனால் கல்லீரல் சர்க்கரையைத் தொடர்ந்து விடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

உறக்கத்தை மருந்தைப் போலவே முக்கியமாகக் கருதுங்கள். உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் திணறல், பகலில் தூங்கி வழிதல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நாள்தோறும் நடங்கள். இயங்கும் தசை, இன்சுலினின் உதவி குறைவாக இருக்கும்போதும் குளுக்கோஸை உள்வாங்கும். தொடர்ந்த உடற்பயிற்சி தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைப் பெருக்கும்.

மைட்டோகாண்ட்ரியா நமக்குத் தாயிடமிருந்தே வருகிறது. தாய்வழி உறவினரில் பலருக்கு நீரிழிவும் காது கேளாமையும் சேர்ந்து இருந்தால் அதைத் தவறாமல் கூறுங்கள். அரிதான ஒரு மரபுவகை நீரிழிவாக அது இருக்கலாம். மருந்துத் தேர்வும் அதற்கேற்ப மாறும்.

'மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பிக்கும்' என்று விற்கப்படும் மாத்திரைகளையும் பொடிகளையும் நம்பி, எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அந்த அம்மையாரின் மகனையும் மருமகளையும் அழைத்துப் பேசினேன். இரவுப் பணியை மூவரும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். இரண்டு மாதங்களில் அவருடைய காலைச் சர்க்கரை இறங்கியது. கூட்டிய மருந்தைக் குறைத்தேன். அன்று முதல், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதற்கு முன் "எப்படித் தூங்கினீர்கள்?" என்று கேட்கிறேன்.

இவ்விதழைப் படிப்போரில் பலர் நோயாளியின் அருகில் விழித்திருப்பவர்கள். உங்களுக்கும் சர்க்கரை இருக்கலாம். அடுத்த முறை வரும்போது, எத்தனை இரவுகள் உறங்கவில்லை என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.